படகு எஞ்சினில் உஷ்ணம் ஏறுவதேன்?

(சிதம்பரம் பகுதி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படகு எஞ்சினைப் பற்றி விவசாயிகளிடம் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அண்ணன்கோயிலிலும் முடசலோடையிலும் கடலூர் முதுநகரிலும் இருக்கிற மீனவர்களிடம் பேசவேண்டிய விஷயமன்றோ இது என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தையும் 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். மேட்டூர் அணை நிரம்பி, மிகுதியான நீர் கொள்ளிடத்தில் பெருகியபொழுது, திட்டுக்காட்டூர், கீழக்குண்டலப்பாடி முதலிய ஆற்றோரத்து ஊர்களை வெள்ளம் சூழ்ந்துகொண்டது. மாட்டையும் மனிதரையும் கரை சேர்க்கப் படகு வேண்டியிருந்தது. அதே 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று மக்களை மீட்டதை யாவரும் அறிவோம். ஆக, வெள்ளம் வந்துவிட்டால் படகு மீனவருடைய கருவியாக மட்டும் இருப்பதில்லை. அது ஊரின் கருவியாகிவிடுகிறது. அதை வரவழைப்பவரும், அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று முடிவு செய்பவரும் பல வேளைகளில் ஊராட்சி உறுப்பினரே.

அப்படிப்பட்ட வேளையில், நடு ஆற்றில், படகோட்டியின் முன்னால் இருக்கும் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டு எஞ்சினை நிறுத்தினால் வெள்ளம் படகை இழுத்துச் செல்லும். நிறுத்தாமல் ஓட்டினாலோ எஞ்சின் தானே நின்றுவிடும். பிறகு எளிதில் கிளம்பாது. இவ்விரண்டில் எதைச் செய்வது என்பதை அந்த நேரத்தில் யோசிக்க இயலாது. முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். முகத்துவாரத்தில் தொழில் செய்யும் ஒரு படகில் முள் அடிக்கடி சிவப்புக்கு ஓடிற்று. உரிமையாளர் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார்கள், கேஸ்கட்டை மாற்றினார்கள், நீர்ப் பம்பையும் புதிதாகப் போட்டார்கள். ஒரு வாரம் தொழில் நின்றது, கையிருப்பு கரைந்தது. படகை மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். கால் மணி நேரத்தில் முள் மீண்டும் சிவப்புக்கு ஓடிவிட்டது! கடைசியில் விஷயம் என்னவென்றால், எஞ்சினிலிருந்து உஷ்ணமானிக்குச் செல்லும் மெல்லிய கம்பியின் உறை ஓரிடத்தில் தேய்ந்து, படகு அதிரும்போதெல்லாம் கம்பி இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பத்து ரூபாய்ச் சுற்றுநாடாவில் தீரவேண்டிய காரியம் அது.

ஆகவே முள் காட்டும் உஷ்ணம் எஞ்சினில் உண்மையாகவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த முதற்கேள்வியைக் கேட்பதே இல்லை.

இதை விசாரிக்கும் முறை கடினமானதன்று. நீரும் இரும்பும் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கண்ணிமைக்கும் நேரத்தில் முள் துள்ளினால், அது மின்சாரத்தின் வேலையே தவிர உஷ்ணத்தின் வேலையன்று. படகின் விளக்கைப் போட்டதும் முள் நகர்கிறதா, அணைத்ததும் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கம்பியிணைப்பில் உப்புப் பூத்திருக்கிறது என்று பொருள். எஞ்சினில் பதித்திருக்கும் உணர்கருவியிலிருந்து கம்பியைக் கழற்றினால், பெரும்பாலான பழைய வகைக் கருவிகளில் முள் குளிர்ந்த பக்கம் சாய்ந்துவிட வேண்டும். கழற்றியும் சிவப்பிலேயே நின்றால், குற்றம் கம்பியிலோ கருவியிலோதான். (புதிய வகை மின்னணுக் கருவிகளில் இவ்வாறு சோதிப்பதற்கு முன் எஞ்சினுடன் வந்த கைப்புத்தகத்தைப் பாருங்கள்.)

தொலைவிலிருந்தே உஷ்ணத்தைக் காட்டும் கைத்துப்பாக்கி போன்ற கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. 2020-ம் ஆண்டில் கொரோனாக் காலத்தில் நெற்றியில் நீட்டிக் காய்ச்சல் பார்த்தோமே, அதே இனந்தான். அந்தக் கருவி அலுவலக அலமாரியில் இருந்தால், அதையே எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விடாதீர்கள்! அது மனித உடலின் உஷ்ண அளவுக்கு மட்டுமே செய்யப்பட்டது, எஞ்சினுக்கு உதவாது. பட்டறைக்கென்று விற்கும் வகையை வாங்கவேண்டும். பளபளப்பான உலோகத்தின் மீது அதை நீட்டினால் உஷ்ணத்தைக் குறைத்துக் காட்டும். ஆதலால் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தருகே ஒரு ரூபாய் நாணயமளவு கறுப்பு வர்ணம் பூசிவைத்து, எப்போதும் அவ்விடத்திலேயே பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு பொய்யும் உண்டு. முன்னதைவிட இதுதான் ஆபத்தானது. எஞ்சினுக்குள் இருக்கும் நீர் கசிந்து குறைந்துவிட்டால், உணர்கருவி நீரில் மூழ்காமல் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். அப்போது உள்ளே இரும்பு கருகிக்கொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கக்கூடும். ஏறிக்கொண்டே போன முள், நாம் ஒன்றும் செய்யாதிருக்கத் திடீரென்று தணிந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். உடனே வேகத்தைக் குறைத்து நீரைக் கவனிக்க வேண்டும்.

சூடு உண்மைதான் என்று உறுதியாகிவிட்டால் அடுத்தபடி என்ன? இங்கே உங்கள் வயலில் இருக்கும் பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் எண்ணெயை எரிப்பதால் பிறக்கும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீர் சுமந்துகொண்டு போகவேண்டும். நீரால் குளிரும் பம்புசெட்டுகளில், இறைக்கும் நீரிலேயே ஒரு சிறு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு வெளியே விடுகிறோம். அனுபவமுள்ள விவசாயி அந்தச் சிறு குழாயில் விழும் நீரில் கையை வைத்துப் பார்த்தே எஞ்சினின் நிலைமையைச் சொல்லிவிடுவார். படகிலும் அதே கைதான் வேண்டும்.

நீரால் குளிரும் படகு எஞ்சின்களில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் கடல் நீரோ ஆற்று நீரோ நேரே எஞ்சினுக்குள் சென்று வெளியேறும். படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பெரும்பாலும் இவ்வகை. மற்றொன்றில், எஞ்சினுக்குள் நல்ல நீர் தனியே சுழன்றுகொண்டிருக்கும். வெளிநீர் ‘கூலர்’ என்னும் கலத்தின் வழியாகப் பாய்ந்து, நல்ல நீரின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறும். விசைப்படகுகளில் உள்ள பெரிய எஞ்சின்கள் பல இப்படிப்பட்டவை. எவ்வகையானாலும் வெளியே விழும் நீர் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தை ஒவ்வொரு படகோட்டியும் அறிந்திருக்கிறார். ஆனால் எஞ்சின் நன்றாயிருக்கும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முள் ஏறிவிட்டதா? அந்த நீரைப் பாருங்கள். நீர் குறைந்து, கொதிநீரைப் போல விழுகிறதானால், சூட்டைச் சுமக்கப் போதிய நீர் உள்ளே வரவில்லை. வரும் வழியில் தடை இருக்கிறது. நீர் தாராளமாக விழுந்தும், அது வெதுவெதுப்புக்கூட இல்லாமல் இருக்கிறதானால், வெளிநீர் வருகிறது. ஆனால் எஞ்சினின் சூடு அதனிடம் வந்து சேரவில்லை. குற்றம் தெர்மோஸ்டாட்டிலோ, உள்ளே சுழலும் நல்ல நீரிலோ, கூலரில் படிந்த படிவத்திலோ இருக்கலாம். நீரும் தாராளமாக வருகிறது, நல்ல சூட்டையும் சுமந்து வருகிறது, இருந்தும் முள் இறங்கவில்லையென்றால், எஞ்சின் அளவுக்கு மீறிப் பாடுபடுகிறது என்று கருதலாம். கழற்றுவதற்கு முன்பே, ஒரு நிமிஷத்தில், சந்தேகத்துக்குரிய இடங்களில் பாதியை இந்தச் சோதனை விலக்கிவிடுகிறது.

நீர் குறைவாயிருந்தால், அது வரும் வழியாகவே நாமும் போகவேண்டும். அடித்தளத்தில் நீர் புகும் துளையை முதலில் பார்க்கவேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் மிதந்து வருவன ஆகாயத்தாமரையும் வைக்கோலும் மட்டுமல்ல. பிளாஸ்டிக் பைகளும் வருகின்றன. ஒரே ஒரு பை அந்தத் துளையில் ஒட்டிக்கொண்டால் போதும். எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சும் விசை நீங்கி, பை தானே விலகிவிடுவதும் உண்டு. பிச்சாவரத்து வாய்க்கால்களில் வற்றம் நேரத்தில் அடிமட்டம் மேலே வந்துவிடும். படகு நீருக்குப் பதிலாகச் சேற்றையே குடிக்கும். நாள்பட்டுக் கட்டிவைத்த படகில் கொட்டலசு வளர்ந்து துளையைச் சிறுக்கச் செய்திருக்கும். துளைக்கு அடுத்தது வடிகட்டி. அதைச் சுத்தம் செய்பவர்கள்கூட மூடியைச் சரியாக இறுக்குவதில்லை. மூடி தளர்ந்தால் நீரோடு காற்றும் உள்ளே போகும். வெளியே நீர் கசியவில்லையே என்று ஏமாறக் கூடாது. படகின் நீர்மட்டத்துக்கு மேலிருக்கும் உறிஞ்சு குழாயில் காற்று உள்ளே போகுமே தவிர நீர் வெளியே வராது.

வடிகட்டியும் சுத்தமாயிருந்தால் பம்பின் இம்பெல்லரைப் பார்க்கவேண்டும். இது ரப்பரால் ஆனது. பூவிதழ்போலச் சுற்றிலும் சிறகுகள் உடையது. நீர்தான் இதற்கு எண்ணெய். நீரின்றிச் சற்று நேரம் சுழன்றாலும் ரப்பர் காய்ந்து கருகிச் சிறகுகள் ஒடிந்துவிடும். லாரியில் ஏற்றி வந்த படகைக் கரையிலேயே வைத்து, எஞ்சின் ஓடுகிறதா என்று முடுக்கிப் பார்ப்பவர்கள் நம்மிடையே ஏராளம். மீட்புக்குப் புறப்படும் அவசரத்தில், மீட்புக்கு வேண்டிய உறுப்பையே கெடுத்துவிடுகிறோம். இம்பெல்லரை மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழையதில் எத்தனை சிறகுகள் குறைகின்றனவோ அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்தாக வேண்டும். பம்பை விட்டுப் போன துண்டு எங்கும் மறைந்துவிடுவதில்லை. கூலரின் வாயிலோ வளைகுழாயிலோ போய் அடைத்துக்கொண்டிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு தணியவில்லை என்று குறைகூறுகிறவர்களில் பலருக்கு இதுவே காரணம்.

நீர் தாராளமாயிருந்தும் சூடு அதில் சேரவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் கொள்ளலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, உரிய சூடு வந்ததும் திறக்கும் சிறு கதவு அது. அதைச் சோதிக்க அடுப்பங்கரையே போதும். ஒரு பாத்திரத்து நீரில், அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துக் காய்ச்ச வேண்டும். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரிக்குச் சற்று முன்பின்னாகக் கதவு திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதித்த பிறகும் திறவாததை எறிந்துவிட்டு அதே எண்ணுள்ள புதியதைப் போட வேண்டும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுவது நம் பகுதியில் ஒரு வழக்கமாகிவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவசரத்துக்கு ஒரு நாள் அப்படி ஓட்டிக் கரை சேரலாம். அதையே நிலையாக வைத்துக்கொண்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எண்ணெயை அதிகம் குடிக்கும். சிலிண்டர் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் நீர் கூலருக்குப் போகாமல் குறுக்குவழியே திரும்பி, சூடு முன்னிலும் அதிகமாகிவிடுவதும் உண்டு.

உப்பு நீர் நேரே ஓடும் எஞ்சினில் படிவம் மெல்ல மெல்லச் சேரும். அங்கே முள் ஒரே நாளில் ஏறாது; மாதந்தோறும் இரண்டு டிகிரி, மூன்று டிகிரி என்று ஏறும். ஒவ்வொரு நாளும் கரை திரும்பியதும் நல்ல நீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவுவதே இதற்குப் பரிகாரம்.

எஞ்சின் அளவுக்கு மீறிப் பாடுபடுவது எப்போது? புரொப்பெல்லரில் வலைத்துண்டோ கயிறோ சுற்றிக்கொண்டால். அடித்தளத்தில் பாசியும் கொட்டலசும் மண்டினால். படகில் ஆள்சுமை மிகுந்தால். மூன்றாவது காரணம் வெள்ள மீட்பில் மிக இயல்பு. இன்னும் நான்கு பேரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கரையில் நிற்பவர்கள் கெஞ்சும்போது, மறுப்பது மனத்துக்கு வருத்தந்தான். முள் ஏறியிருக்கும் படகில் அதை மறுக்க வேண்டியவர் ஊராட்சி உறுப்பினரே. படகோட்டியின் தலையில் அந்தப் பொறுப்பைப் போடக்கூடாது.

2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பின் நம் கரையில் பெருகியிருக்கும் கண்ணாடியிழைப் படகுகளில், நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் வைத்த காற்றால் குளிரும் டீசல் எஞ்சின்கள் நிறைய உண்டு. இவற்றுக்கு நீர்வழியே இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு மடிப்புகளின் இடையே காற்று வீசவேண்டும். அந்த மடிப்புகளில் எண்ணெயும் உப்பும் மீன்செதிளும் சேர்ந்து களிம்பாக அடைத்துக்கொள்கின்றன. மழையில் நனையக்கூடாதென்று ஓடும் எஞ்சின் மேல் தார்ப்பாயைப் போர்த்துகிறவர்களும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சலென்று நான்கு கம்பளி போர்த்துவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. இவ்வகையில் முள்ளே இராது. சூடேறியதைக் கருகல் மணமும் வேகக் குறைவுமே தெரிவிக்கும்.

இனி நடு ஆற்றுக்கு வருவோம். முள் சிவப்பில் நிற்கிறது. முதலில் வேகத்தைக் குறையுங்கள். கரையோரமாகவோ ஒதுக்கமான இடத்துக்கோ படகைத் திருப்புங்கள். வெளியே நீர் விழுகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். விழுகிறதானால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் மெதுவாக ஓடவிடுங்கள். ஓடும் நீரே சூட்டைத் தணிக்கும். நீர் அறவே விழவில்லையென்றால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நங்கூரத்தை இறக்கி அது மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு நிறுத்துங்கள். சின்னவாய்க்கால் போன்ற முகத்துவாரங்களில் வற்றத்தோடு கடலுக்கு இழுபட்டுப் போகாமல் காப்பது அந்த நங்கூரமே. நிறுத்தியவுடன் முள் இன்னும் சற்று ஏறினால் அஞ்ச வேண்டாம். இரும்பிலிருக்கும் சூடு ஓடாத நீரில் இறங்குவதால் அப்படி நேர்கிறது. சூடான எஞ்சினின் நீர்த்தொட்டி மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே நூறு டிகிரிக்கு மேலும் நீர் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சின் மேல் ஆற்று நீரை வாரி ஊற்றுவதும் தவறு. சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும்.

ஆறிய பிறகு எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. மறுபடி முடுக்காமல் வேறு படகில் கட்டி இழுத்துவரச் சொல்லுங்கள். நல்ல நீர்த்தொட்டியில் எஞ்சின் ஓடும்போது இடைவிடாமல் குமிழி வந்தாலும் கேஸ்கட் போயிருக்கலாம், அதற்குத்தான் பட்டறை.

ஊராட்சி செய்யக்கூடியது ஒன்றுண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சினைப் பழுது பார்ப்பவர்கள் அந்நாட்களிலேயே பார்க்கிறார்கள். வெள்ள நாட்களில் உதவக்கூடிய படகுகள் எவையென்று ஆகஸ்டுக்கு முன்பே தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் நீரில் இறக்கி, ஆள்சுமைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். கரையில் கட்டிவைத்து வெறுமனே ஓட்டிக் காட்டுவது சோதனையாகாது. முள் எந்த எண்ணில் நிலைக்கிறது, வெளியே விழும் நீர் ஒரு வாளியை எத்தனை விநாடியில் நிரப்புகிறது என்ற இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஓர் எஞ்சினுக்கு எண்பது டிகிரி இயல்பு. இன்னொன்றுக்கு அறுபதே இயல்பு. அந்தப் படகின் சொந்த எண் தெரியாதவருக்கு முள்ளைப் பார்த்தும் பயனில்லை. அந்த நோட்டோடு, ஓர் இம்பெல்லர், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு பெல்ட், குழாய்க் கவ்விகள் இரண்டு, இவற்றைக் கழற்றும் ஸ்பானர்கள் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் படகிலேயே வைக்கச் சொல்லுங்கள். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால், வேண்டியபோது சாவியை வைத்திருப்பவரும் வெள்ளத்துக்கு அக்கரையில்தான் இருப்பார்.